மஞ்சள் கோடு, வெள்ளைக் கோடு

அந்தப் பட்டறைக்கு முதலாளிகள் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும். வருகிறவர்கள் மூத்தவரைப் பெரியவர் என்றும் இளையவரைச் சின்னவர் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பெரியவருக்கு ஐம்பத்திரண்டு வயது, சின்னவருக்கு நாற்பத்தாறு. பழைய கார்களைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுவதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று சுற்றுவட்டாரத்தில் பேர். ரோஷத்திலும் அப்படித்தான். ஏழு மாதமாக ஒரே கூரைக்குக் கீழே, ஒரே காருக்கு அடியில், சில சமயம் ஒரே போல்ட்டின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

காரணம் அவர்களுடைய அம்மா. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் மூச்சுக்கருவியில் கிடந்தாள். இனிமேல் ஒன்றும் இல்லை, கருவியை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரியவர் ஒரு வண்டி விஷயமாக வெளியூர் போனவர், செய்தி கேட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அம்மாவின் நெஞ்சு கருவி சொன்னபடி ஏறி இறங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் சின்னவர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெரியவர் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். நாற்பது நிமிடம்தான் வித்தியாசம். "எனக்காக நாப்பது நிமிஷம் காத்திருக்க முடியலையா?" என்று கேட்டார் பெரியவர். பேச்சு அதோடு நின்றது.

பேசாமல் எப்படித் தொழில் நடக்கும் என்றால், நடந்தது. சக்கரத்து நட்டு விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே அவர்களுக்கு ஒரு முறை உண்டு. இறுக்குவது பெரியவர். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும், நட்டிலிருந்து சக்கரம்வரை, பெயிண்ட் பேனாவால் ஒரு மஞ்சள் கோடு இழுப்பார். பிறகு நட்டு நகர்ந்தால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். சரிபார்ப்பது சின்னவர். பார்த்துவிட்டு மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு போடுவார். இரண்டு கோடும் இருந்தால்தான் வண்டி வாசலைத் தாண்டும். பேச்சு நின்ற பிறகு இந்தக் கோடுகளோடு சுவரில் ஒரு கரும்பலகையும் சேர்ந்துகொண்டது. "எண்ணெய் வாங்கணும்", "நாளை லீவு" என்று ஆளுக்கொரு பக்கம் எழுதிவைப்பார்கள். ஊமைகள்கூட ஜாடை காட்டிக்கொள்வார்கள். இவர்களுக்கு அதுவும் கிடையாது.

இந்த இருவருக்கும் நடுவில் வந்து மாட்டியவர் ஒரு பெண் பல் டாக்டர். இரண்டு தெரு தள்ளித் தனி ஆளாக மருத்துவமனை நடத்துகிறவர். முப்பத்தைந்து வயதான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தார். இரண்டே சீட், தரையோடு தரையாக உட்காரும் வண்டி. ஒரு மழை நாளில் வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் வழுக்கி, முழுவட்டம் சுற்றி, வந்த வழியைப் பார்த்தே நின்றுவிட்டது. எதிரில் வண்டி எதுவும் வராததால் பிழைத்தார். மறுநாளே பட்டறைக்கு வந்து, பின்பக்கம் அகலமான சக்கரமும் டயரும் போட்டுக் கொடுங்கள் என்றார்.

"எனக்கு வேகம் வேணாம் பெரியவரே. வண்டி ரோட்டைப் பிடிச்சு நிக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

கேட்பதற்கு எளிது. பழைய வண்டியில் அகல டயர் போடுவது, ஒல்லியானவன் சட்டையைத் தடியனுக்கு மாட்டுகிற வேலை. உள்பக்கம் தள்ளினால் வண்டியின் அடித்தண்டில் இடிக்கும். அதற்காகச் சக்கரத்துக்குப் பின்னால் விரல் தடிமனில் ஒரு வட்டத் தகடு வைத்து வெளியே தள்ள வேண்டும். தள்ளினால் பழைய போல்ட்டின் நீளம் பற்றாது. நீளமான போல்ட்டாக மாற்ற வேண்டும். வெளியே வந்த டயர் மட்கார்டின் உள்விளிம்பில் உரசும். அந்த விளிம்பைச் சூடு காட்டி, உருளையால் அழுத்தி, பெயிண்ட் வெடிக்காமல் உள்ளே மடக்க வேண்டும். மட்கார்டு பெரியவர் வேலை, போல்ட்டும் தகடும் சின்னவர் வேலை என்று தானாகவே பிரிந்தது.

ஒன்பது நாள் வேலை. டாக்டர் தினமும் சாயங்காலம் வந்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நீள போல்ட் வந்துவிட்டதா என்று பெரியவர் டாக்டரைப் பார்த்துக் கேட்பார், டாக்டர் மூன்றடி தள்ளி நிற்கும் சின்னவரிடம் அதையே திருப்பிக் கேட்பார், சின்னவர் வந்துவிட்டது என்று டாக்டரிடம் சொல்வார். டாக்டருக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"வாயைத் திறக்க வைக்கிறதுதான் என் தொழில். குழந்தைங்ககூட அஞ்சு நிமிஷத்துல திறந்துடும். உங்க ரெண்டு பேர்கிட்ட என் பாச்சா பலிக்கலையே" என்றார் ஒருநாள்.

பெரியவர் குனிந்து சிரித்துவிட்டார். சின்னவருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தது இருவருக்குமே தெரிந்துபோய், ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அன்றைக்குச் சின்னவர் வீட்டுக்குப் போகும்போது, இன்னும் பத்து நாள் இந்தம்மா வந்து உட்கார்ந்தால் அண்ணன் பேசினாலும் பேசிவிடுவார் என்று நினைத்தார். அந்த நினைப்பே இனிப்பாக இருந்தது.

ஒன்பதாம் நாள் வண்டி தயார். புதுச் சக்கரம் போட்டால் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அலுமினியமும் தகடும் ஒன்றோடொன்று அமர்ந்து கொஞ்சம் இளகும். பெரியவரே ஓட்டிவிட்டு வந்தார். டார்க் ரென்ச்சை எடுத்தார். போதுமான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும் நீளச் சாவி அது. பின்சக்கரங்களில் பத்து நட்டையும் இறுக்கி, பத்து மஞ்சள் கோடு இழுத்து, சாவியைப் பெஞ்சில் வைத்தார். சின்னவர் எடுத்துச் சரிபார்த்து, பத்து வெள்ளைக் கோடு போட்டுத் திரும்ப வைத்தார். பெரியவர் அதைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனார். பேச்சு நின்றபோது கருவிகளையும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். இறுக்குவது பெரியவர் வேலை என்பதால் டார்க் ரென்ச் அவர் பெட்டிக்குப் போயிருந்தது.

சின்னவர் தரையைக் கூட்டும்போதுதான் இடதுபக்கப் பின்டயரில் அதைப் பார்த்தார். டயரின் தோள்பகுதியில் விரல் நீளத்துக்கு மெல்லிசாக ஒரு சீவல். மண்டியிட்டு மட்கார்டுக்குள் கையை விட்டுத் தடவினார். ஒரே ஓர் இடத்தில், எப்போதோ யாரோ ஒட்டுப் போட்ட தகடு தடித்திருந்த இடத்தில், விளிம்பு முழுசாக மடங்கவில்லை. பெரியவர் தனியாக ஓட்டியதற்கே சீவியிருக்கிறது. பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், கத்தி வைத்த மாதிரி டயரை அறுத்துவிடும். அண்ணன் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

போன் செய்து சொல்லியிருக்கலாம். பலகையில் எழுதியிருக்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால் இப்படித்தான், பெரியவர் வைத்த ஒரு வெல்டிங் சரியில்லை என்று சின்னவர் கேட்காமல் அறுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். மறுநாள் பெரியவர் அதைப் பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவர் இரண்டு நாள் பட்டறைப் பக்கமே வரவில்லை. அண்ணி போன் செய்து, அவர் சாப்பிடக்கூட இல்லை, நீங்கள் செய்தது சரியாகவே இருக்கட்டும், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கக் கூடாதா என்று அழுதாள். அதற்கு மேல் அந்த மனுஷனை நோகடிக்கச் சின்னவருக்குத் தெம்பில்லை. அதுவும் இப்போது, அந்தச் சிரிப்புக்குப் பிறகு.

தெரியாமல் செய்துவிடலாம் என்று முடிவு பண்ணினார்.

ஜாக்கி வைத்தார், சக்கரத்தைக் கழற்றினார், தடித்த விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்துப் பெயிண்ட் தொட்டார். மொத்தம் அரைமணி நேரம். காற்று அமுக்கும் மோட்டாரை அன்றைய கணக்குக்கு அணைத்துக் காலி செய்துவிட்டதால், வட்டத் தகட்டின் மேல் விழுந்த இரும்புப் பொடியைக் காற்றால் ஊத வழியில்லாமல் துணியால் துடைத்தார். சக்கரத்தை மாட்டினார். டார்க் ரென்ச் பூட்டின பெட்டிக்குள் இருந்தது. சாதா நட்டு ஸ்பேனரை வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு ஐந்து நட்டையும் இறுக்கினார். கழற்றி மாட்டியதில் கோடுகள் விலகிப்போயிருந்தன. தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு மஞ்சள் பேனாவைக் கையில் எடுத்தார்.

பெரியவருடைய கோடு ஆரம்பத்தில் தடித்து, போகப்போக மெலிந்து, கடைசியில் லேசாக மேலே ஏறும். ஐந்து கோட்டையும் சின்னவர் அப்படியே போட்டார். பள்ளிக்கூட நாட்களில் அண்ணனின் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்த கை அது. அதன் பக்கத்தில் தன்னுடைய வெள்ளைக் கோட்டையும் போட்டார். நாளைக் காலையில் பெரியவர் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். அந்தப் பத்து நிமிடத்தில் டார்க் ரென்ச்சை எடுத்து முறைப்படி இறுக்கிவிடலாம். டாக்டர் பதினோரு மணிக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். எல்லாம் கச்சிதமாகத்தான் தோன்றியது.

காலையில் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டரைக்கு முடிந்துவிடும் என்றார்கள். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் புராணத்தையும் பாடி முடிக்கப் பத்து மணி ஆனது. சின்னவர் ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்குள் நுழைந்தபோது சிவப்பு வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. பலகையில் பெரியவர் எழுதியிருந்தார்: "டாக்டர் சீக்கிரமே வந்துட்டாங்க. வண்டி 9.10க்குக் கொடுத்தாச்சு."

பெரியவர் பெஞ்சில் எதையோ அரம் போட்டுக்கொண்டிருந்தார். பத்து மஞ்சளும் பத்து வெள்ளையும் இருப்பதைப் பார்த்துத்தான் சாவியைக் கொடுத்திருப்பார். அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை.

சின்னவர் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். டாக்டரின் எண்ணும் திரையில் வந்துவிட்டது. என்ன சொல்வது? வண்டியை ஓட்டாதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள், நான் வந்து இறுக்குகிறேன் என்றால் ஏன் என்று கேட்பார். அந்தம்மா வயிற்றில் எதுவும் தங்காது. சாயங்காலமே வந்து பெரியவரிடம் போட்டு உடைத்துவிடுவார். திருட்டுத்தனமாகத் தன் வேலையைத் திருத்தியதோடு தன் கோட்டையும் போட்டிருக்கிறான் என்று தெரிந்தால், அண்ணன் இந்த ஜென்மத்தில் முகத்தில் முழிக்க மாட்டார். முப்பது வருஷமாக இந்தக் கை இறுக்கிய சக்கரம் ஒன்றுகூடக் கழன்றதில்லை என்று சின்னவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் என்ன பெரிய தூரம். சாயங்காலம் டாக்டர் வீட்டுப் பக்கம் போய், சும்மா பார்க்க வந்த மாதிரி இறுக்கிவிட்டால் போயிற்று. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பாவி மனிதர். ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். கோழைத்தனம் என்பது ஓடி ஒளிவது மட்டும் இல்லை. இப்படி நல்லபிள்ளையாக வேலைக்குத் திரும்பிப் போவதும் அதுதான்.

டாக்டர் அன்றைக்கு மருத்துவமனையைத் திறக்கவில்லை. வானம் தெளிவாக இருந்ததாலோ என்னவோ, புது டயரின் பிடிமானத்தைப் பார்க்க நெடுஞ்சாலையில் ஏறியிருக்கிறார். எழுபத்தேழாவது கிலோமீட்டரில், இறக்கத்து வளைவில், இடது பின்சக்கரம் தனியாகக் கழன்று வயலுக்குள் ஓடியது. வண்டி சாலையோரச் சிமென்ட் தடுப்பில் மோதி நின்றது. விபத்து வண்டிகளைக் கட்டி இழுக்கும் லாரிக்காரர் தெரிந்தவர். மதியம் ஒன்றரைக்குப் பெரியவருக்குப் போன் செய்தார். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்கு என்று ஏதோ கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உயிர் இல்லை என்றார் லாரிக்காரர். போனை வைத்துவிட்டுப் பலகைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தார், எழுத வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சின்னவருக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பின்னால் போய்க் குழாயைத் திறந்து தலையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் இருவரையும் போலீஸ் வரச் சொன்னது. நிலையத்துக்குப் பின்னால் கம்பிவேலி போட்ட மைதானத்தில் சிவப்பு வண்டி முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. டாக்டரின் ஒரு செருப்பு உள்ளேயே இருந்தது. கழன்ற சக்கரத்தை வயலிலிருந்து எடுத்து வந்து தனியாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். வண்டியைச் சோதிக்கும் அதிகாரி, இரண்டு போல்ட் முறிந்திருப்பதையும் மற்ற மூன்றில் மரை தேய்ந்திருப்பதையும் காட்டினார். நட்டு இளகி, அசைந்து அசைந்து கழன்றிருக்கிறது என்றார். தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புப் பொடி இருந்தது என்றும் சொன்னார்.

பெரியவர் அந்தச் சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். நட்டுகள் போய்விட்டாலும், ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் கோடுகளின் மிச்சம் மஞ்சளும் வெள்ளையுமாக அப்படியே இருந்தது. வெகுநேரம் பார்த்தார். எழுந்து வண்டியின் வலதுபக்கம் போய், இன்னும் கழலாமல் இருந்த சக்கரத்தின் கோடுகளைப் பார்த்தார். திரும்பி வந்து இடது மட்கார்டுக்குள் கையை விட்டார். தேய்த்த இடத்தில் அவர் விரல் நின்றது. சின்னவர் மூன்றடி தள்ளி நின்றார். அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. திட்டட்டும், செருப்பால் அடிக்கட்டும், இங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அப்படி நடந்திருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

போலீஸ் அதிகாரி தாளும் பேனாவுமாக வந்தார். "இந்த மஞ்சக் கோடு யார் போட்டது?"

"என்னுது" என்றார் பெரியவர்.

"நீங்கதான் இறுக்கினதா?"

"ஆமா சார். அந்தப் பக்கம் விளிம்பைத் தேய்க்க ஒருதடவை கழட்டினேன். திரும்ப மாட்டும்போது சரியா இறுக்கல. கோடு மட்டும் போட்டுட்டேன்."

"வெள்ளைக் கோடு?"

"அது என் தம்பியோடது. நான் இறுக்கினா சரியா இருக்கும்னு நம்பிப் போட்டிருப்பான். அவன் மேல தப்பு இல்ல."

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஆடியது தசைதானா, இல்லை, கண் முன்னால் இருந்த சீவலைப் பார்க்காமல் விட்ட தொழில்காரனின் அவமானமா, சின்னவருக்குத் தெரியவில்லை. இல்லை சார், அது நான் போட்ட கோடு என்று சொல்ல வேண்டும். ஒரே வரிதான். மகளின் முகம் வந்தது, மனைவியின் முகம் வந்தது, டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்ததும் வந்தது.

அதிகாரி சின்னவர் பக்கம் திரும்பினார். "அவர் சொல்றது சரிதானா?"

சின்னவர் தலையாட்டினார்.

உள்ளே போய் இருவரின் வாக்குமூலத்தையும் எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பெரியவர் இங்கே இருக்க வேண்டும், சின்னவர் போகலாம் என்றார்கள். சின்னவரிடம் தாளை நீட்டினார்கள். எங்கே என்று விரலால் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். பெரியவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் போட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே போகத் திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசினார் பெரியவர்.

"அண்ணிகிட்ட நேர்ல போய்ச் சொல்லு. போன்ல சொல்லாத."

"என்னன்னு சொல்றது?" என்றார் சின்னவர்.

"நான் இறுக்க மறந்துட்டேன்னு சொல்லு."

சின்னவர் அண்ணனைப் பார்த்தார். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.